பச்சைச் சேலை ஓட்டையான விதம்

நம் சாராளின் அப்பாவுக்கு, இரும்புலியூரிலிருந்து ஞானம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி?

போன ஞாயிறு, நான் சமைக்கும் வீட்டு வில்பிரட் சார் என்னை மோட்டார் சைக்கிளில் கோயிலுக்கு ஏற்றிப்போனார். மறுநாள் துவைத்தால், நீங்கள் எடுத்துத் தந்த பச்சைச் சேலை முழங்காலுக்குக் கீழே சல்லடை. வண்டியில் போகும்போது கால் லேசாக எரிந்தது, அவ்வளவுதான். "எலி கடிச்சிருக்கும் ஞானம்மா" என்றாள் அவர் பெண்டாட்டி. அந்தப் பேச்சைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வண்டியைப் பிரித்த மெக்கானிக் வாசலிலேயே சொன்னான். வேகமாக ஓட்டினால் டைனமோ கரண்டைக் கூட்டுமாம், அதை அடக்குவது ரெகுலேட்டராம். அதன் பாயிண்ட் என்கிற தொடுமுனை தீய்ந்து ஒட்டிக்கொண்டதால் பேட்டரி கொதித்து என் சேலைமேல் ஆசிட் வழிந்திருக்கிறது. சாரும் பெண்டாட்டியும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

கோயிலுக்கு வேறு சேலை இல்லை, இந்த ஞாயிறு போகவில்லை. பெட்டி அடியிலுள்ள ஊதாச் சேலையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அந்த அம்மா கூப்பிடுகிறாள், நிறுத்துகிறேன். சேலையை நீங்களே கொண்டுவந்தாலும் சரி.