நாற்பத்தைந்து டிகிரிச் சுவர்

மார்ச் 4

கம்ப்யூட்டரில் ஓட்டுகிற கூலர் மாடலின் ரன் இன்றும் நிலைக்கு வரவில்லை. எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆட்டம் காட்டுகின்றன. கூலரின் ஒரு பக்கம் நூற்று நாற்பது டிகிரியில் எண்ணெய், மறுபக்கம் அதை ஆற்ற வரும் தண்ணீர், நடுவில் மெல்லிய உலோகச் சுவர். அந்தச் சுவரில் எல்லை நிபந்தனையை, அதாவது சூடு அதைக் கடக்கும் விதியை, எப்படி வைப்பது என்பதுதான் இந்த வாரத் தலைவலி. எண்ணெய் விடுகிற சூடு அப்படியே தண்ணீருக்குள் போயாக வேண்டும். சுவர் எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்குதான் கண்டுபிடிக்க வேண்டும். நாமாகச் சொல்லக் கூடாது. அதற்கு நேரம் பிடிக்கும். நேரம்தான் இல்லை என்கிறார் இவர். கணவனே டீம் லீடராக இருந்தால் லீவு நாள் என்று ஒன்று கிடையாது. பல் தேய்க்கும்போதுகூட "முடிஞ்சுதா?"

மார்ச் 6

முடித்துவிட்டார். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் என் மாடலைத் திறந்து, தண்ணீர்ப் பக்கத்தையே கழற்றிவிட்டு, சுவருக்கு நாற்பத்தைந்து டிகிரி என்று அவரே போட்டுவிட்டார். ரன் சமர்த்தாக ஓடி முடிந்தது. வண்ணப் படங்கள் அழகாக வந்திருக்கின்றன.

"சுவரை நாற்பத்தஞ்சுன்னு கட்டிப் போட்டா, எண்ணெய் எவ்வளவு சூட்டைத் தள்ளினாலும் அது நாற்பத்தஞ்சுலயேதான் நிக்கும். அந்தச் சூடெல்லாம் எங்க போகும்?" என்றேன்.

"தண்ணி எடுத்துக்கும்."

"எந்தத் தண்ணி? அதைத்தான் தூக்கிட்டீங்களே."

சிரித்தார். "கஸ்டமர் கேக்கறது படம். பாடம் இல்ல."

மார்ச் 7

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: கூலரின் மூலையில் தண்ணீர் தேங்கும், அங்கே கொதித்தாலும் கொதிக்கும். டைரக்டர் இவரைப் பார்த்தார். (யார் எதைச் சொன்னாலும் சரி என்பார், தலையாட்டி என்றுதான் அவருக்கு எங்களிடம் பெயர்.)

இவர் சொன்னது: "வீட்லயும் இப்படித்தான் சார். கேஸை அணைச்சோமான்னு நாலு தடவை போய்ப் பாப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 15

டிசைனுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு.

ஜூன் 19

சோதனைக் கூடத்தில் கூலர் வெடித்துவிட்டது. வெடித்தது என்று சொல்லக் கூடாதாம். 'கசிவு' என்று சொல்ல வேண்டுமாம். மூலையில் தண்ணீர் கொதித்து, ஆவி மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டைக் கிழித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஃபிட்டர் மேல் அடித்திருக்கிறது. முகத்தில் இடது பக்கம், கழுத்து, கை. காலையில் லிஃப்டில், "மேடம், பொண்ணுக்குக் காலேஜ் கிடைச்சிருச்சு" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்ன மனுஷன்.

சொன்னேனே. சொன்னேனே நான் — சொல்லி என்னத்தைக் கிழிச்சேன்?

ஜூன் 21

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கண்ணில் இனி பார்வை வராது என்கிறார்கள். வராந்தாவில் ஃபிட்டரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஆற வைக்கத்தானேம்மா தண்ணி விட்டாங்க? அது எப்படிக் கொதிச்சுது?"

பதில் எனக்குத் தெரியும். பதில் என் வீட்டு சோபாவில் சாய்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 24

சாப்பிட்டதும் இவரே தட்டுகளைக் கழுவி வைத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"மாடல் உன் பேர்லதானே இருக்கு. விசாரணையில நீதான் போட்டேன்னு சொல்லிடு. ஒரு மெமோ குடுப்பாங்க, அவ்வளவுதான். நீ எப்படியும் வேலையை விடறதாத்தானே இருந்தே?"

எப்போ இருந்தேன்? அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது அவன். நான் இல்லை.

"எனக்குன்னு வந்தா ரெண்டு பேர் பொழப்பும் போச்சு."

கெஞ்சக்கூட இல்லை. வரும்போது காய் வாங்கிட்டு வா என்கிற மாதிரி சொன்னான்.

ஜூன் 26

சொல்லிவிட்டேன்.

விசாரணையில் முதலில் அவன்தான் பேசினான். "மாடல் அவங்க பொறுப்பு சார்." அவங்க! பத்து வருஷக் குடித்தனம், கடைசியில் 'அவங்க'.

டைரக்டரைப் பார்த்துச் சொன்னேன்: "சுவருக்கு நாற்பத்தஞ்சுன்னு போட்டது இவர். தப்புன்னு சொன்னது நான். மீட்டிங்லதான் சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்க சார்."

டைரக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

ஜூன் 27

மாமியார் போன் செய்தார். "கட்டினவனையே காட்டிக் குடுத்துட்டியே, நல்லா இருப்பியா நீ?"

ஃபிட்டருக்குக் கண் போனதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

ஜூலை 14

அவனை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டியில் துணியை அடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "உனக்கு என்ன கிடைச்சுது இதுல?"

கிடைத்தது — சாப்பாட்டு நேரத்தில் தனி மேசை. நான் தட்டோடு வந்தால் பக்கத்து நாற்காலிகளுக்கு அவசர வேலை வந்துவிடுகிறது. தலையாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 20

கட்டிலின் நடுவில் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரத்தான் செய்தது.

செப்டம்பர் 2

ஃபிட்டர் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். சோதனைக் கூடத்துக்கு இல்லை, வாசல் கேட்டுக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குப் பாஸ் கொடுக்கிறார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

"நீங்க அப்பவே சொன்னீங்களாமே மேடம்."

நன்றி மாதிரியும் இருந்தது. அப்புறம் ஏன் எனக்கு இப்படி என்று கேட்கிற மாதிரியும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அக்டோபர் 5

ஹவுஸ் ஓனர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தார். "சார் கையெழுத்து வேணுமேம்மா. எப்ப வருவார்?"

"என் பேருக்கே மாத்திடுங்க."

"இல்ல, சார் வரும்போது—"

"வர மாட்டார்."

என் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் பழைய பெயரை அடித்துவிட்டு, என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். படியிறங்கப் போனவர் திரும்பி, "தனியா இருக்கீங்க. கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டுத் தரட்டுமா?" என்றார்.

போடச் சொன்னேன்.