முப்பத்தோராம் வரிசைக்கு முதலில் வரும் தட்டு

மச்சான்,

அலுமினியத் தாளைக் கிழித்ததும் ஒரு மணம் கிளம்புமே, அவித்த கரட்டும் சூடேறிய தாளும் கலந்த ஆசுபத்திரி மணம், அது இன்று காலை பாங்கொக் விமானத்தில் என் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது. எனக்குச் சாப்பாடு வரவில்லை. யாருக்குமே வரவில்லை. பக்கத்திலிருந்த முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு மட்டும் பணிப்பெண் குனிந்து, பெயர் கேட்டு, தட்டை வைத்துவிட்டுப் போனாள். மூடியில் இருக்கை எண் எழுதிய மஞ்சள் ஒட்டுத்தாள். அவர் ஒருதரம் சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இருநூறு பேர் வயிறு காய்ந்துகொண்டிருக்கத் தான் மட்டும் முள்ளுக்கரண்டி பிடிக்கிறவனின் பார்வை. நீ போய் இரண்டு வருடமாகிவிட்டது, ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது உன்மேல்தான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருந்தபோது சொல்லவில்லை. அதற்கு முன் உன்னை ஆசை தீரத் திட்டிக்கொள்கிறேன்.

விமானத்தில் ஸ்பெஷல் சாப்பாடு சொல்லி வைக்கிற கூட்டத்தை எனக்கு எப்போதும் கண்ணில் காட்டக் கூடாது. எங்கள் வெள்ளவத்தைப் பக்கம் இது ஒரு வியாதி. வீட்டில் முந்தாநாள் குழம்பைச் சூடாக்கித் தின்கிறவர்கள், டிக்கெட் கையில் வந்ததும் பத்தியக்காரர் ஆகிவிடுவார்கள். ஒருவருக்கு உப்பு ஆகாதாம். இன்னொருவருக்குப் பழம் மட்டும்தான் இறங்குமாம். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருக்கிற மாமி ஒருத்தி, விரதத்தோடு லண்டன் போகிறேன் என்று ‘ஹிந்து மீல்’ சொல்லி வைத்தாள். தாளைத் திறந்தால் கோழிக்கறி. அந்தப் பெயரில் வருவது மாட்டிறைச்சி இல்லாத சாப்பாடு, மரக்கறிச் சாப்பாடு அல்ல என்பதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது? திரும்பி வந்து ஆறு மாதம் கோயில் வீதி முழுக்க அந்த விமானத்தைத் திட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் அவர்கள் எல்லோரும் உன் கால் தூசிக்குப் பெறமாட்டார்கள். நீ கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பன்றிக்கறிச் சட்டியைத் திறக்கிறவன். நீ ஜைனச் சாப்பாடு சொன்னாய். வெங்காயமும் உள்ளியும் படாத அந்தப் பருப்பை முகம் சுளிக்காமல் தின்றாய். அடுத்த பயணத்தில் கடலுணவு. அதற்கடுத்ததில் உப்பில்லாதது. காலி வீதியில் நாங்கள் சேர்ந்து நடத்திய துணிக்கடைக்குச் சரக்கெடுக்க வருடத்தில் நாலைந்து தரம் பாங்கொக் போவோம். ஒவ்வொரு தரமும் உனக்கு ஒரு புது வேஷம். மலிவு டிக்கெட்டில் கடைசி வரிசைகளில், கழிவறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எல்லோருக்கும் முதல் நீ சாப்பிட்டு முடித்துவிடுவாய்.

அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது உன் ஒப்பனை. இருக்கைப் பட்டி விளக்கு அணைந்த அடுத்த நிமிடம் சின்ன கறுப்புப் பையொன்றைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போவாய். தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து தட்டுக்குக் காத்திருக்கிறாய் என்று நான் நினைத்தேன். கடைப் பிள்ளைகளுக்கு அதை நடித்தும் காட்டினேன்.

“எல்லாருக்கும் வரேக்க சாப்பிட்டா உன்ட தொண்டைக்குள்ள இறங்காதோ?” என்று ஒருமுறை கேட்டேன்.

“காத்துக்கொண்டிருந்து சாப்பிடுறது எனக்குச் சரிவராது மச்சான்,” என்றாய். “உனக்குப் பொறாமைடா. நீ அந்த டொபியைத் திண்டுகொண்டு இரு.”

கடையில் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்காக மேசையில் டொபிப் போத்தல் வைத்திருந்தோம். பயணம் போகும்போதெல்லாம் அதிலிருந்து இரண்டு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் பழக்கம். விமானம் இறங்கும்போது காது அடைக்காமலிருக்க. கடையை டொபியாகவே தின்று முடிக்கப்போகிறேன் என்று நீ நக்கலடிப்பாய்.

உனக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் வழமையாக டிக்கெட் எடுக்கிற இடத்தில் வேலை செய்த பிள்ளைக்கு அழைப்பெடுத்தேன்.

“அவன்ட ஸ்பெஷல் சாப்பாட்டை இந்த முறை வெட்டிவிடுங்கோ பிள்ளை.”

“ஐயோ அண்ணா, அவர் ஏசுவாரே.”

“சும்மா பகிடிக்குத்தான். ஏசினா நான் பாத்துக்கொள்ளுறன்.”

அந்தக் காலை விமானத்தில் எங்களுக்கு முப்பத்தோராம் வரிசை. நீ வழமைபோலப் பையோடு போய் வந்தாய். ஸ்பெஷல் தட்டுகள் வந்தன. முன் இருக்கையிலிருந்த ஒரு அம்மாவுக்கு ஒன்று கிடைத்தது. உனக்கு இல்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாய். அவள் பட்டியலைப் பார்த்து, உன் பெயரில் ஒன்றும் இல்லை என்றாள். நான் யன்னல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சாப்பாட்டு வண்டில் முன்னாலிருந்து ஆடி ஆடி வந்தது. இருபதாம் வரிசைக்கு வந்தபோது விமானம் குலுங்கத் தொடங்கியது. எல்லோரையும் பட்டி போடச் சொல்லிவிட்டு வண்டிலைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனார்கள். நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் நெற்றி வியர்த்தது. பிறகு சட்டையே நனைந்தது. கை நடுங்கியது. ஒரு வேளைச் சாப்பாடு பிந்தியதற்கு இவ்வளவு நாடகமா என்று நினைத்தேன்.

“மச்சான், டொபி இருக்கா?” என்றாய். நாக்கு குழறியது.

“இல்லை,” என்றேன். “உப்பில்லாமச் சாப்பிடுற துரைக்கு டொபி என்னத்துக்கு?”

கொஞ்ச நேரத்தில் என்னை மெர்சி என்று கூப்பிட்டாய். அது உன் மனைவியின் பெயர். அதற்கும் நான் சிரித்தேன். முன் இருக்கை அம்மாதான் திரும்பிப் பார்த்தாள். “தம்பிக்கு முகம் வெளிறிப்போச்சு,” என்று தன் தட்டிலிருந்த தோடம்பழச் சாற்றை உன் வாயருகே பிடித்தாள். அதோடு வந்த கேசரியையும் ஊட்டிவிட்டாள். கால் மணி நேரத்தில் உனக்குப் பேச்சு வந்தது.

“ஒண்டுமில்லை அக்கா. காலமை சாப்பிடேல்ல, அந்தப் பசி,” என்றாய் அவளிடம். எனக்கும் அதையே சொன்னாய். நான் கடைக்குத் திரும்பி வந்து, சாப்பாடு பிந்தியதற்கு மயங்கி விழுந்த மகாராசாவின் கதையை மாதக்கணக்கில் சொன்னேன். நீயும் கூட இருந்து சிரித்தாய்.

நீ போனது இருதயத்தால். எல்லோருக்கும் அவ்வளவுதான் சொன்னார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தபோது, மெர்சி உன் பயணப் பையைக் கொண்டுவந்து வைத்து, கடைச் சாமான் ஏதும் இருந்தால் எடுக்கச் சொன்னாள். துணி மாதிரிகளுக்குக் கீழே அந்தக் கறுப்புப் பை. பவுடர் டப்பாவைப் பார்க்கலாம் என்று திறந்தேன். உள்ளே இன்சுலின் ஊசி.

“உங்களுக்குத் தெரியாதுதானே அண்ணா,” என்றாள் மெர்சி. “பதினொரு வருசமா போட்டவர். உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர்.”

“ஏன், எனக்கு மட்டும்?”

“ஒரு கலியாண வீட்டில யாரோ பந்தியில இருந்து ஊசி போட்டாராம். வருத்தக்காரரெல்லாம் வீட்டில கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்காம ஏன் வாறாங்களெண்டு நீங்க சொன்னீங்களாம். ‘அவன்ட வாயில நான் விழ ஏலாது மெர்சி’ எண்டு சொல்லுவார்.”

பிறகு அவளே எல்லாம் சொன்னாள். ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்து போட முடியாது. வண்டில் வந்துவிட்டால் கழிவறைக்குப் போகவும் வழியில்லை. ஆகவே முதலே போய்ப் போட்டுக்கொண்டு வருவாய். கடைசி வரிசைக்கு நேரத்தோடு வருகிற சாப்பாடு ஸ்பெஷல் சாப்பாடு ஒன்றுதான். நீரிழிவுச் சாப்பாடு என்று போட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறாய்.

“ஒருக்கா சாப்பாடு வராம விட்டிட்டுதாம். செத்துப் பிழைச்சு வந்தவர்,” என்றாள். “அந்த டிக்கெட் பிள்ளையை நான்தான் போய் ஏசினனான். வாய் திறக்காம நிண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்ட பிழையாத்தானே இருக்கும்.”

நான் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இந்த உலகத்தில் ஸ்பெஷல் சாப்பாடு சொல்லி வைக்கிறவர்களைவிட அற்பமான ஒருவனை எனக்குத் தெரியும், மச்சான். அவன் உன் பக்கத்தில் யன்னல் ஓரமாக இருந்தவன்.

உன்மேலும் எனக்குக் கோபம் போகவில்லை. ஒரு வாய்க்குப் பயந்து பதினொரு வருடம் ஒளித்தாயே, அது என்ன ஆம்பிளைத்தனம்? “ஓமடா, எனக்குச் சீனி வருத்தம், உன் வேலையைப் பார்” என்று ஒருதரம் சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். மூடியிருப்பேனா? நீ என்னை நாற்பது வருடம் பார்த்தவன். உனக்குத் தெரிந்திருக்கும்.

இன்று பக்கத்து இருக்கைக்காரர் நான் முறைப்பதைக் கண்டுவிட்டார். “பசியோ அங்கிள்? இந்தப் பணிஸை எடுங்கோ, நான் தொடேல்ல,” என்றார். அவருக்கு என்ன வருத்தமோ, அல்லது வெறும் பெருமைதானோ, எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. பணிஸை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டை வெட்டச் சொன்னது நான்தான் என்று மெர்சியிடமும் அந்தப் பிள்ளையிடமும் சொல்ல என்றாவது எனக்கு முதுகெலும்பு முளைக்கலாம். மற்றதை அவர்களிடம் சொல்லமாட்டேன். அதை உனக்கு மட்டும்தான் சொல்ல முடியும். உனக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அன்று நீ கேட்டபோது என் சட்டைப் பையில் இரண்டு டொபி இருந்தன. இல்லை என்று சொன்னபோது கையால் பையைப் பொத்திக்கொண்டேன். நீ என் கையைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். அதற்குப் பிறகு, கடைசி வரைக்கும், டொபியை வைத்து என்னை நீ நக்கலடிக்கவே இல்லை.

இப்போதும் பையில் இரண்டு இருக்கின்றன. காது அடைத்தாலும் நான் அவற்றைத் தின்பதில்லை.