முத்தம்மா நாற்காலியின் உயரம்

அன்பு மச்சான் சின்னையா,

உன்னை அடக்கம் செய்து நாலு மாதம் ஆகிறது. நம் பதுளை மரச்சாமான் கடையில் நீ படம் வரைகிற பலகை அப்படியே சாய்ந்து நிற்கிறது. தினமும் துடைக்கிறேன். மரம் வாங்கவும் விலை பேசவும் தெரிந்த எனக்கு ஒரு கோடு நேராகப் போடத் தெரியாது என்று சிரிப்பாயே, அது உண்மைதான்.

கொழும்பில் என் மருமகனின் கம்பெனிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்து, அதில் மேசை நாற்காலி வரைகிறான் என்று உன்னிடம் சொன்னேன். "அது வரையும் மச்சான். யாரு ஒக்காரப் போறான்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். "ஒன் பென்சிலுக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்றேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

நீ கடைசியாக வரைந்தது பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து முத்தம்மாவுக்கான நாற்காலி. கொழுந்து பறிக்கப் போய் விழுந்து, முழங்கால் மடங்காமல் போனவள். யார் கையையும் பிடிக்காமல் தானே எழும்ப ஒரு நாற்காலி கேட்டிருந்தாள். உன் படத்தில் எல்லா அளவும் இருந்தது, உட்காரும் உயரம் மட்டும் இல்லை. சுருட்டிய படத்தைக் கட்டியிருந்த நூலை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் சுத்தமாக வரைந்து தரச் சொல்லிப் படத்தைக் கொழும்புக்கு அனுப்பினேன்.

மருமகன் போனில் கேட்டான். "மாமா, உயரம் போடாம இது நகராது. எவ்வளவு?"

"எல்லா நாற்காலிக்கும் உள்ளதுதான். பதினேழு அங்குலம் போடு."

கம்ப்யூட்டர் உயரத்தைக் கேட்டது மச்சான். பழியை அதன் தலையில் கட்ட முடியாது. நான் ஒரு தரம் பசறைக்குப் போயிருக்கலாம். ஒரு பெண்ணின் காலை எப்படி அளப்பது என்று கூச்சம், அதோடு சோம்பல். கொழும்பிலிருந்து படம் ஒரு கோடும் பிசகாமல் வந்தது, பட்டறையில் அப்படியே செய்து அனுப்பினோம்.

போன வாரம் உன் மனைவி கடைக்கு வந்தாள். "அந்தப் படத்துல கட்டியிருந்த நூல் எங்கண்ணே? பொம்பளையாளுங்களுக்கு அளக்கணும்னா என்னையத்தான் அனுப்புவாரு. முத்தம்மாவுக்கும் நாந்தான் ஒக்கார்ற ஒயரத்துக்கு அந்த நூல்ல முடிச்சுப் போட்டு அளந்து குடுத்தேன்" என்றாள். இத்தனை வருடம் ஒரே கடையில் வேலை செய்தோம், இதை ஏன் நீ சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

மறுநாளே பஸ் ஏறினேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முத்தம்மா அந்த நாற்காலியில்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. மகள்தான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"கொஞ்சம் பள்ளமாப் போச்சுங்க மொதலாளி. பரவாயில்லங்க. சாகப்போற நேரத்துல அவருக்குக் கணக்கு தடுமாறியிருக்கும். செத்தவரக் குத்தம் சொல்லக் கூடாது, நாங்க எல்லாரும் அப்பிடித்தான் பேசிக்கிட்டோம்" என்றாள் முத்தம்மா.

மகள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். தப்பு என்னுடையது, மன்னிப்பு உனக்குக் கிடைத்தது. வெட்கமாக இருக்கிறது மச்சான்.

வேறு நாற்காலி செய்துவிடலாம். மரம் இருக்கிறது, உன் மனைவியும் மறுபடி அளக்க வருகிறாள். ஆனால் அது போய் இறங்கினால் லயத்தில் என்ன சொல்வார்கள்? "சின்னையா கெடுத்தத மொதலாளி சரி பண்ணிட்டாரு" என்றுதானே? நான் நல்லது செய்யச் செய்ய உன் பெயர்தான் கெடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உன் அளவு சரியாகத்தான் இருந்தது, அந்த நூலைத் தூக்கி எறிந்தவன் நான் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். வாய் வருமோ என்னவோ. சொல்லும்வரை அந்த வீட்டுத் தேத்தண்ணியைத் தொட மாட்டேன், இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் மச்சான்,
ஹனீபா