குளக்கரையில் ஆறு வாசல்

உர்குட், மார்ச் 2

அன்புள்ள அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக பூட்ஸ் கயிற்றை நானே கட்டினேன். இடது கை இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்தேன். நீ பார்த்திருந்தால் திட்டியிருப்பாய்.

பிறகு குளத்துக்குப் போனேன். மேடு பள்ளம் இல்லாத பாதை. தாவரவியல் வகுப்புப் பிள்ளைகளோடு கால்மணி நேரத்தில் சுற்றி வந்துவிடுவேன், அப்போதெல்லாம். நவ்ரூஸ் புத்தாண்டுக்குள் தனியாக ஒரு முழுச் சுற்று நடக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு உன்னிடம் வந்துவிட வேண்டும் என்றாய். ஒத்துக்கொண்டதை மறக்கவில்லை.

ஆனால் கரையில் ஆறு வீடு இருக்கிறதே. முதல் வாசலிலேயே மஸ்தூரா ரொட்டியோடு நின்றாள். நீட்டிய ரொட்டியில் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போடாமல் நகர முடியுமா? பிட்டால் தேநீர். "கை காலுக்குத்தானே வாதம் வந்துச்சு டீச்சர், வாய்க்கு இல்லையே, உட்காருங்க" என்கிறாள். அடுத்த வாசலில் ஹோஷிம் அண்ணன். மூன்றாவதில் கால் பின்னிக்கொண்டது. திரும்பிவிட்டேன்.

தவளைகள் வந்தாயிற்று. நாணலுக்குள் நாமக்கோழி கூடு கட்டுகிறது.

உன் ஜும்ராத்


தாஷ்கண்ட், மார்ச் 8

ஜும்ராத்,

பெண்கள் தின வாழ்த்து. போனில் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. எழுதினால்தான் உண்மை வருகிறது. அதனால் எழுது.

ஆனால் தேநீரைச் சாக்குச் சொல்லாதே. நவம்பரில் நீ அடுக்களைத் தரையில் கிடந்தபோது மதியம்வரை போன் அடித்துக்கொண்டே இருந்தேன். மணி உன் காதில் விழுந்ததாம், கைதான் எட்டவில்லையாம். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் ஏது?

வெயில் படும் அறையை உனக்காக வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். வீடு கேட்டவர் 23ஆம் தேதி வருகிறார். வீம்பு பிடிக்காதே.

ஹலிமா


உர்குட், மார்ச் 13

அக்கா,

முழுச் சுற்றும் நடந்துவிட்டேன். வேறு விசேஷமில்லை.

ஜும்ராத்


உர்குட், மார்ச் 19

அன்புள்ள அக்கா,

போன கடிதத்தில் எழுதியது பொய். பாதிச் சுற்று ஹோஷிம் அண்ணனின் கழுதை வண்டியில் வந்தேன். நீ பதில் போடாததிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்தது.

இன்று நிஜமாகவே முயன்றேன். நேற்றே ஆறு வீட்டிலும், நாளை யாரும் ரொட்டி நீட்ட வேண்டாம் என்று கெஞ்சி வைத்திருந்தேன். ஆறாவது வீட்டு நிகோரா அத்தைக்குத்தான் கோபம். "ஏன், எங்க ரொட்டியில கல்லா கிடக்கு?"

ஐந்து வாசல் தாண்டினேன். மதகடியில் ஈரக் களிமண். வழுக்கி விழுந்தேன். பிடித்த நாணல் வேரோடு கையில் வந்தது. எழ முடியவில்லை. அந்த அடுக்களைத் தரை நினைவுக்கு வந்தது அக்கா, மறைக்க மாட்டேன்.

ரொம்ப நேரம் ஆகியிருக்காது. நிகோரா அத்தையின் குரல் கேட்டது: "டீச்சர் இன்னும் இங்க வரலையே?" ஐந்தாவது வீட்டிலிருந்து பதில்: "எங்க வாசலை அப்பவே தாண்டிட்டாங்களே!" இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். தூக்கி நிறுத்தி முகத்தைத் துடைத்தபடி அத்தை சொன்னாள்: "ரொட்டி வேணாம்னீங்க, மண்ணு மட்டும் இனிச்சுதா?"

மிச்ச தூரத்தை அவர்கள் தோளைப் பிடித்துத்தான் நடந்தேன். ஆகவே சுற்று முடியவில்லை. பந்தயத்தில் நீ ஜெயித்தாய்.

ஆனால் நான் வரவில்லை. 23ஆம் தேதி வருகிறவரிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று நானே சொல்லப் போகிறேன். நீ வெள்ளையடித்த அறையை நினைத்தால் மனசு வலிக்கிறது. இருந்தாலும் முடிவு அதுதான். கோபித்துக்கொள். தணிந்ததும் எழுது.

இந்த முடிவு இங்கே யாருக்கும் இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போடும்வரை உனக்கும் தெரியாது.

உன் ஜும்ராத்