என்னைப் பிடிக்க நீர் வைத்த கணினி

மேசைக்கு அடியில் நீர் வைத்திருந்த பழைய கணினியை இன்று காலை வெளியே இழுத்தேன். பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டுமாம், நம் நெட் கம்பெனி முதலாளி அண்ணாச்சியின் உத்தரவு. நீர் மூடிவைத்த சேலைக் கவரை எடுத்ததும் தூசியோடு உம்முடைய தலைவலித் தைல வாடையும் எழுந்தது. நீர் போன பிறகும் அந்த வாடை போகவில்லை வே. ஒரு நிமிஷம், யாராவது எடுத்துப் பூசிவிட்டு வைத்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்டேன். பாரும், உம்மோடு ஒரே அறையில் இத்தனை காலம் உட்கார்ந்தால் வேறு என்ன வரும்?

நீர் நம்பாத பொருள் இந்த சங்கரன்கோவிலில் எது மிச்சம்? டீயை மோந்து பார்த்துத்தான் குடிப்பீர். ஆபீஸ் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்குவீர். பாதிப் படியில் நின்று, மறுபடி ஏறி இழுத்துப் பார்ப்பீர். நெட்டை வழிபிரித்து அனுப்பும் ரவுட்டர்ப் பெட்டியின் அமைப்பைப் படம் போட்டுக் காட்டும் திரை உமக்கு ஆகாது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கமாண்டாக அடித்து, பெட்டியிடமே கேட்டால்தான் உமக்குத் தூக்கம் வரும். "படம் போட்டுக் காட்டுதவன் மறைக்கவும் செய்வான் வே" என்பீர். நானும் உமக்கு இளைத்தவன் இல்லை. நீர் அடித்த கமாண்டை நீர் எழுந்து போனதும் நான் ஒருமுறை சரிபார்ப்பேன். அது உமக்கும் தெரியும்.

அந்த ஆடி மாதம் நினைவிருக்கிறதா? கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் போகும் இணைப்பைப் புதிய டவர் வழியாகத் திருப்பிக்கொண்டிருந்தோம். மாலையில் மாற்றுவோம், சோதித்துப் பார்ப்போம், நன்றாக ஓடும். காலையில் நான் வந்து பார்த்தால் எல்லாம், நெட் ஒழுங்காக வராத பழைய வழிக்கே திரும்பிக் கிடக்கும். அதற்குள் தறிக்கூடத்துக்காரர்களின் போன் வந்துவிடும். வியாபாரிக்குச் சேலைப் படம் அனுப்ப முடியவில்லை, நெட் இல்லாமல் ஆர்டர் கைவிட்டுப் போகிறது என்று. மாற்றுவோம். மறுநாள் மறுபடியும் பழையபடி. நான் செய்த மாற்றமும் போயிருந்தது, நீர் செய்ததும் போயிருந்தது.

ரவுட்டருக்குள் நுழையத் தெரிந்தது நாம் இரண்டு பேர்தான். உள்ளே நுழைய ஆளுக்கொரு பெயர் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு ஒரு சாவி போதும்ல" என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி. அதனால் நடப்பதையெல்லாம் பெட்டி குறித்துவைக்கும் லாக்கில் யார் என்ன செய்தாலும் ஒரே பெயர்தான் விழும். அதுவும் கரண்ட் போனால் பெட்டி அந்த லாக் முழுவதையும் மறந்துவிடும். நம் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது?

அண்ணாச்சி இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் அடுத்த கம்பெனிக்காரன்ட்ட காசு வாங்கிக் கைய நனைச்சிருக்கான். ஆடித்தபசுத் திருநாளுக்கு முன்னால யாருன்னு தெரியணும். இல்லன்னா நானே ஒருத்தன அனுப்பிருவேன்" என்றார். உம்முடைய மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சித்திரையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அன்று முதல் சேர்ந்து டீ குடிக்கப் போவதை நிறுத்தினோம்.

லாக் எங்கே போகிறது என்று காட்டும் கமாண்டை ஒருநாள் அடித்துப் பார்த்தேன். பெட்டியில் நடக்கும் ஒவ்வொன்றும், எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கும் போய்க்கொண்டிருந்தது. கள்ளன் அகப்பட்டான் என்றே நினைத்தேன்.

"இது யாருக்கு வே போகுது?" என்று உம் முகத்துக்கு நேராகத் திரையைத் திருப்பினேன்.

நீர் கொஞ்சமும் பதறவில்லை. மேசைக்கு அடியில் இந்தக் கணினியைக் காலால் தட்டிக் காட்டினீர். "இங்கனதான் போகுது. கரண்ட் போனாலும் இது மறக்காது. எந்த லேப்டாப்புல இருந்து வந்தாம்ங்கதையும் சேத்து எழுதும்."

"எதுக்கு வச்சீரு?"

"ஒம்மப் பிடிக்கத்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தோடு கோபமாகச் சேர்ந்தே உட்கார்ந்து படித்தோம். விசைப்பலகையை நடுவில் வைத்தோம். நான் தொட்டால் அழித்துவிடுவேன் என்று உமக்கு. நீர் தொட்டால் அழித்துவிடுவீர் என்று எனக்கு. கடைசியில், வரியைக் கீழே இறக்கும் பொத்தானை மட்டும் ஆளுக்கொரு தடவை அழுத்துவது என்று ஒப்பந்தம் ஆனது. சின்னப் பிள்ளைகள் தோற்றுப்போகும்.

லாக் ஒளிக்காமல் சொன்னது. நாம் செய்த மாற்றங்கள் பதிவாகியிருந்தன. சாயங்காலம் உம்முடைய லேப்டாப்பின் தொடர்பு அறுந்திருந்தது. சற்று நேரத்தில் எல்லா மாற்றங்களும் தாமாகவே திரும்பியிருந்தன. ஒவ்வொரு நாளும் அதே கதை.

உமக்கு முதலில் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. ரவுட்டரில் சேஃப் மோட் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டு வேலை செய்தால், நடுவில் தொடர்பு அறுந்தால் பெட்டி பழைய நிலைக்கே திரும்பிவிடும். தப்பாக ஏதாவது அடித்து, உள்ளே நுழைய முடியாமல் வெளியே மாட்டிக்கொண்டால் காப்பாற்றும். வேலை முடிந்ததும் அதை முறையாக விடுவிக்க வேண்டும். நீரோ தப்பாக அடித்துவிடுவோமோ என்ற பயத்தில் அதைப் புதிதாகப் போடத் தொடங்கியிருந்தீர். என்னிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் நான் என்ன செய்வேனோ என்று. பனவடலிசத்திரம் பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் லேப்டாப்பை அப்படியே மடக்கிக்கொண்டு ஓடுவீர். உடனே பெட்டி, அந்த நேரத்தில் நான் செய்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

"வேலியே பயிர மேஞ்சிருக்கு வே" என்றீர்.

என் கோபம் அந்த நிமிஷமே வடிந்துவிட்டது. உம் மகள்தான் கண்முன் வந்தாள். "பெட்டி கோளாறுன்னு சொல்லிருவோம் வே. அண்ணாச்சிக்கு என்ன தெரியப் போகுது? இந்த லாக் ஒம்ம கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டிருந்தீர்.

நான் கீழே போய் இருவருக்கும் டீ வாங்கிக்கொண்டு ஏறுவதற்குள் அண்ணாச்சியின் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. "பஸ்ஸப் பிடிக்க ஓடுதவனுக்குப் பெட்டிக்குக் காவல் ஒரு கேடால?" நல்லவேளை, வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆளுக்கொரு பெயர் கொடுக்கவும் அன்றுதான் சம்மதித்தார். ஒவ்வொரு தறிக்கூடமாகப் போய் விஷயத்தைச் சொல்லிவரச் சொன்னார். நீர் போனீர். நானும் கூட வந்தேன். நீர் சரியாகச் சொல்கிறீரா என்று பார்க்க வந்ததாக அப்போது சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது பைக்கில் பின்னால் இருந்து கேட்டேன், ஏன் வே நீராகவே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னீர் என்று.

"நீரு போய்ச் சொல்லிருவீரோன்னு பயம். அதான் முந்திக்கிட்டேன்" என்றீர், திரும்பிப் பார்க்காமலே.

நெஞ்சுவலி என்று உம்மைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோன வண்டியில் நான் வரவில்லை; நீர் உயிரோடு திரும்பவும் இல்லை. வந்திருந்தால் மறுபடியும் இதைத்தான் கேட்டிருப்பேன். இப்போது வேலை முடிந்ததும் சேஃப் மோடை விடுவிக்கிறேன், விட்டுவிட்டதா என்று பெட்டியிடம் கேட்கிறேன், பதில் வந்த பிறகும் இன்னொரு தரம் கேட்கிறேன். வீட்டுக்காரி சிரிக்கிறாள், கேஸ் அடுப்பையும் இப்படித்தான் பார்க்கிறேனாம்.

ஆனால் வே, யாரையும் நம்பாத நீர் அன்று என் வார்த்தையை முழுசாக நம்பினீர். நான் சொல்ல மாட்டேன் என்று உமக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தேதான் போனீர். என்னைப் பயந்து போனதாகச் சொன்னீரே, அதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.