சங்க அறைக் கணினியில் மட்டும் கறுப்பு

9, செவ்வாய். மூட்டம். மழை இல்லை.

வாய் மூடி இருந்தது போதும்.

குடியிருப்புச் சங்கத்துக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவன் நான். பின்னணியில் கோவில்பதாகை ஏரி, நானே எடுத்த படம். என் மடிக்கணினியில் ஏரி. கைபேசியில் ஏரி. சங்க அறைக் கணினியில் மட்டும் கன்னங்கறுப்பு, மேலே மஞ்சள் எழுத்து. செயலாளர் தணிகாசலம் நேற்று எல்லார் முன்னாலும்: "எம்.எஸ்ஸி. படிச்சவரு போட்ட பேஜைப் பாருங்கப்பா. அமாவாசை மாரி கீது." ஒரே சிரிப்பு. ஞாயிறு கூட்டத்தில் பக்கத்தை வேறு ஆளிடம் கொடுப்பார்களாம்.

ஓய்வுக்கு முன் ஃபேக்டரியில் எனக்கு வரவேண்டிய ஃபோர்மேன் பதவியும் இவருக்குத்தான் போனது. அன்றும் பேசவில்லை. இந்த முறை பதில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன்.

10, புதன். வெயில்.

சங்க அறை, 10 முதல் 1 வரை. பிரவுசர் சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களை அழித்தேன்: கறுப்பு. வேறு பிரவுசர்: கறுப்பு. படத்தை எடுத்துவிட்டு வெறும் வெள்ளை: அதுவும் கறுப்பு! படத்தைத் திரும்பப் போட்டேன்.

வாட்ச்மேன் டீ கொண்டுவந்தார். "இன்னா சார், இன்னும் விடியலியா?" இந்த வாரம் என்னிடம் பேசிய இரண்டாவது ஆள்.

மகளிடமிருந்து போன் இல்லை. ஊறுகாய் தீர்ந்தது.

11, வியாழன். தூறல்.

கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு நாளாக அந்தக் கணினியில் என் பக்கத்தை மட்டுமே திறந்து பார்த்திருக்கிறேன், மடையன். இன்று ரயில் நேரம் பார்க்க வேறு தளம் திறந்தால் அதுவும் கறுப்பு. எல்லாமே கறுப்பு. கணினியிலேயே 'ஹை கான்ட்ராஸ்ட்' போட்டிருக்கிறது. பார்வை குறைந்தவர்களுக்கான வசதி. அணைத்தேன். ஏரி வந்தது.

தணிகாசலம் உள்ளே வந்தார். மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தார்.

"இன்னாத்துக்கு அத்த மாத்தின? ஒண்ணுமே தெர்ல நைனா."

கதவைச் சாத்தினார்.

"ரெண்டு கண்ணும் போய்கினு கீது. ஆஸ்பத்திரில நர்சம்மா சொன்னாங்கன்னு அப்டி வெச்சேன். உன் பேஜு அதாலதான் கறுப்பாச்சுன்னு சத்தியமா தெரியாது. ஊட்ல கூட சொல்லல. தெரிஞ்சா சேர்லேந்து எறக்கிடுவாங்க. அப்பறம் தெனம் காத்தால நான் எங்க போயி குந்துறது?"

எனக்கும் தெரியாது. திரும்பக் கறுப்பாக்கிவிட்டு வந்தேன்.

12, வெள்ளி. மழை.

பதில் தயார், இரண்டு பக்கம். எல்லாம் உண்மை. ஃபோர்மேன் விஷயமும் உண்டு. இரண்டு முறை படித்தேன். நன்றாக வந்திருக்கிறது.

மாலை. அதை மேஜைக்குள் வைத்துவிட்டு வேறு எழுதினேன்: 'சங்க அறைக் கணினியில் கறுப்புப் பின்னணி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பக்கத்தில் கோளாறு இல்லை.'

கீழே பெயர் போடவில்லை. போட்டால் யாராவது வந்து காரணம் கேட்பார்கள். உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். நாளை காலை பெயரில்லாமலே ஒட்டுகிறேன்.