மன்னிப்புப் பாரம்

நல்லம்பள்ளி,
18-3-1987

அன்புள்ள முனாப்,

அஸ்ஸலாமு அலைக்கும். எட்டு வருஷம் வாய் மூடி இருந்தாயிற்று. இனி முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். பெங்களூரில் நீயும் உன் குடும்பமும் நலம் என்று லாரிக்காரர்கள் வழியாகக் கேள்விப்படுகிறேன். இங்கே நானும் ரோஷன் பீயும் நலம். அவளுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

உன் ரிஜிஸ்டர் தபால் வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனை நிறுத்தித் தபால்காரர் கையெழுத்து வாங்கினார். பிரித்தால் இன்னும் ஐந்து கையெழுத்துக் கேட்டு ஐந்து பாரம். நம் புளி மண்டி 1974 முதல் 1979 வரை மறைத்த வருமானத்தை நாம் இருவரும் ஒப்புக்கொள்கிறோம், ஆளுக்குப் பாதி என்று உன் ஆடிட்டர் டைப் அடித்திருக்கிறார். என் பெயருக்கு நேரே, கையெழுத்துக்கு இடம் காட்டிப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. கூடவே உன் துண்டுச் சீட்டு: "சர்க்காரோட பொது மன்னிப்பு 31ஆம் தேதியோட முடியுது பாய். உங்க பங்கு வரியையும் நானே கட்டிடறேன். அபராதம் இல்ல, கேஸ் இல்ல, ரெண்டு பேருக்கும் மன்னிப்பு."

எனக்கு எதற்கு மன்னிப்பு, முனாப்?

நீ மறந்திருக்கலாம். 79ஆம் வருஷ ரமலானில் உனக்கு மஞ்சள் காமாலை. படுக்கையை விட்டு எழ முடியாமல், ஜகாத் கணக்கை என்னையே பார்க்கச் சொல்லி உன் சின்ன நோட்டைக் கொடுத்தனுப்பினாய். அதில்தான் இண்டூர் கிடங்கை முதன்முதலாகப் பார்த்தேன். ஐந்து வருஷமாக அங்கே புளி வாங்கி அடுக்கி, பெங்களூருக்கு ஏற்றியிருக்கிறாய். வாங்கியது நீ, விற்றது நீ, லாபமும் உனக்கே. மண்டியின் பேரேட்டில் அந்தக் கிடங்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் ஜகாத் நோட்டில் ஒரு மூட்டை விடாமல் எழுதி, நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்கு ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாய்.

உன் கட்டில் அருகே உட்கார்ந்து கேட்டேன். "அது அல்லாஹ்வுக்குக் கணக்கு பாய், இது ஆபீசருக்குக் கணக்கு. ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்பறீங்க" என்று மஞ்சள் கண்ணோடு சிரித்தாய். அந்த மாதமே பங்கிலிருந்து விலகினேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நீ மாட்டியிருப்பாய்.

நான் சொல்லாததை ஊர் தானாக நிரப்பிக்கொண்டது. கல்லாவில் கை வைத்தேனாம், நீ துரத்திவிட்டாயாம். பள்ளிவாசல் முற்றத்தில் துணிக்கடை அக்பர் அலி உன்னிடமே கேட்டாராம். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க, விடுங்க" என்று பெரிய மனதுக்காரன்போல் பதில் சொன்னாயாம். உண்டு என்று சொல்லியிருந்தால்கூட நான்கு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள். நீ 'விடுங்க' என்றதும் எல்லாரும் நம்பிவிட்டார்கள். என் மகள் அமீருன்னிசாவுக்கு வந்த இரண்டு இடங்கள் அந்தப் பேச்சால் திரும்பிப் போயின. மூன்றாவது இடத்தில் கொடுத்தேன். நன்றாக இருக்கிறாள்.

நான் இங்கே சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். யார் புளி கொண்டுவந்தாலும் எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். யார் வாங்கினாலும் பில். பில் வேண்டாம், விலையைக் குறை என்கிறவர்கள் அடுத்த கடைக்குப் போகலாம். நிறையப் பேர் போனார்கள். கடைத்தெருவில் எனக்குப் 'பில்லு பாய்' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் வத்தல்மலையிலிருந்து புளி கொண்டுவரும் ராமக்காளிடம், தருமபுரியில் கிலோவுக்குப் பத்துக் காசு கூடக் கிடைக்குமே என்று நானே ஒருநாள் சொன்னபோது அவள் சொன்னதைக் கேள்: "அங்க குடுக்கற பத்துக் காச தராசுல புடிச்சுக்கறானுங்க பாய். உங்க சீட்ட வூட்டுக்குக் கொண்டு போனா எம்மருமவ படிச்சுப் பாத்துடுவா." ஒன்பது மூட்டையை இறக்கிவிட்டுத்தான் போனாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பட்ஜெட்டில் பதினெட்டாயிரம் வரை வரி இல்லை என்று மாற்றினார்கள். என் வருமானம் பதினாறாயிரத்துச் சொச்சம். போன வருஷமும் வழக்கம்போல் ரிட்டர்ன் எழுதிச் சேலம் வருமான வரி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் வரியே கெடையாதே பாய், எதுக்குங்க பஸ்ஸுக்குச் செலவு பண்ணிட்டு வர்றீங்க" என்றார். வந்தது வந்துவிட்டேன், சீல் குத்திக் கொடுங்கள் என்றேன். குத்திக் கொடுத்தார். மண்டி நாள் முதல் ஒரு வருஷம் விடாமல் எல்லாச் சீட்டும் என்னிடம் இருக்கிறது. கடைத்தெருவில் என் பெயர் எப்படியோ போகட்டும். சேலம் ஆபீசில் இருக்கும் காகிதக் கட்டில் என் பெயருக்கு எதிரே ஒரு கறை கிடையாது. அந்தப் பெயருக்கு நேரேதான் உன் ஆடிட்டர் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்.

போன மாதம் தருமபுரியில் வணிகர் சங்கக் கூட்டம். இந்தப் பொது மன்னிப்பைப் பற்றி விளக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். மறைத்ததைத் தானாக வந்து சொல்லி வரியைக் கட்டுங்கள், தோண்டிக் கேட்க மாட்டோம் என்றார். நான் எழுந்து, மறைக்காதவனுக்கு என்ன சார் சலுகை என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "பில்லு பாய்க்கு ஒரு மாலைய வாங்கிப் போடுங்கப்பா" என்றான். கூட்டமே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. என்ன வியாபாரம் என்று விசாரித்துவிட்டு, "உங்களுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. நீங்க இந்தக் கூட்டத்துக்கே வந்திருக்க வேண்டியதில்லை" என்றார். நான் மூக்குடைபட்டதாக எல்லாரும் நினைத்தார்கள். நானோ ஓரமாகப் போகாமல் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே வந்தேன். சர்க்கார் எனக்குக் கொடுத்த ஒரே பட்டம் அது. பஸ் ஸ்டாண்டு வரை ரிக்‌ஷாகூட வைக்கத் தோன்றவில்லை.

வருமானத்தை இரண்டாகப் பிரித்தால் வரி குறையும் என்பது எனக்கும் தெரியும். நானும் பி.காம். படித்தவன்தான். உன் சரக்கை வாங்கிய பெங்களூர் வியாபாரி வீட்டில் சோதனை நடந்ததாக லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆகவே உன் அவசரமும் புரிகிறது.

நீ அனுப்பிய ஐந்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். நேற்று சேலம் போய் ஐந்து புதுப் பாரம் வாங்கி, உன் ஒருவன் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். தொகையெல்லாம் உன் ஜகாத் நோட்டில் உள்ளது. உன் ஆடிட்டர் காட்டியிருப்பது அதில் பாதிகூட இல்லை. பாதியைச் சொல்லி மன்னிப்பு வாங்கினால், பிறகு மறுபாதிக்கு யாரிடம் போவாய்? அல்லாஹ்விடம் சொன்னதையே ஆபீசரிடமும் சொல். வரி கொஞ்சம் கூடும். வீட்டை விற்கும் அளவுக்கு வராது, போட்டுப் பார்த்துவிட்டேன்.

நோட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்கவுமில்லை, நான் தரவுமில்லை; இத்தனை வருஷமும் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. ரோஷன் பீக்குக்கூட அது என்ன நோட்டு என்று தெரியாது. நகல் எடுக்கவில்லை. துப்புக் கொடுப்பவனுக்குச் சன்மானம் உண்டு என்று சேலம் ஆபீஸ் சுவரில் போஸ்டரே ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நின்று படித்துவிட்டுத்தான் போனேன்.

ரமலான் முடிந்ததும் உன் மகள் வஹிதாவுக்கு நிக்காஹ் என்று கேள்விப்பட்டேன். பிள்ளை நல்லபடி வாழ ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். வரும் இடம் அவள் அப்பனைப் பற்றி எங்கே விசாரித்தாலும் நல்ல வார்த்தையே காதில் விழ வேண்டும். அந்தப் பள்ளிவாசல் முற்றத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை நீ வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பது உனக்கே தெரியும். அதைக் கேட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

31ஆம் தேதி வரை வைத்திருக்காதே. கிடைத்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கட்டிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். காமாலை வந்த உடம்பு, எண்ணெய்ப் பண்டம் ஆகாது.

பெயரை எழுதப் பேனாவைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். பாரங்களோடு சேர்ந்து இந்தத் தாளும் உன் ஆடிட்டர் மேஜைக்குப் போகும், ஏதாவது ஒரு கட்டில் தைத்து வைப்பார்கள். மன்னிப்புக் கேட்கும் எந்தக் கட்டிலும் என் பெயர் இருக்கக் கூடாது. எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். அது போதும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.